பெரிய நிறுவனங்களை லினக்ஸுக்கு அழைப்பது எப்படி? குமரி மாவட்ட நண்பர்களுக்கான கேள்வி பதில்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் ஏதாவது பெரிய நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள், அங்கே கணினி சப்ளை செய்பவர்கள், முதலாளியிடம் போய்ப் பேசும் அளவுக்குப் பழக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. விண்டோஸுக்கு மாற்று இயங்குதளமான லினக்ஸ் என்றால் என்ன என்ற பாடம் இதில் கிடையாது. வீட்டு லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போடுவது ஒரு வேலை, இருநூறு கணினி ஓடும் ஆஸ்பத்திரியை மாற்றுவது வேறு வேலை. இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றி.

நம்ம மாவட்டத்தில் அவ்வளவு பெரிய கம்பெனி எங்கே இருக்கிறது?

ஐ.டி. கம்பெனிகளை விடுங்கள், அவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே நிர்வாகத்தின் கீழ் நூறு கணினிக்கு மேல் ஓடும் இடங்களைச் சொல்கிறேன். தனியார் மருத்துவமனைகள், பள்ளியும் நர்சிங் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் சேர்த்து நடத்தும் அறக்கட்டளைகள், நாலைந்து ஊரில் கிளை போட்ட ஜவுளிக்கடை, நகைக்கடைகள், முக்குக்கு முக்கு கிளை வைத்திருக்கும் நகைக்கடன் நிறுவனங்கள், முந்திரி ஏற்றுமதியாளர்கள். இவற்றில் பெரும்பாலானவை குடும்ப நிறுவனங்கள். முடிவெடுப்பவர் ஒருவர்தான், அவரைச் சந்திக்கவும் முடியும். பெருநகரக் கார்ப்பரேட்டில் கிடைக்காத வசதி இது.

அரசு ரப்பர் கழகம், மணவாளக்குறிச்சி மணல் ஆலை மாதிரி அரசு நிறுவனங்கள் தனிக் கணக்கு. அங்கே எல்லாம் டெண்டர் வாசகத்தில்தான் முடிவாகும். மத்திய அரசு தன் அலுவலகங்களுக்காக 2015இல் வெளியிட்ட திறந்த மூல மென்பொருள் (நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் முடிகிற மென்பொருள்) கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

லினக்ஸ் இலவசம் என்று சொன்னால் போதாதா?

போதாது. பல இடங்களில் விண்டோஸும் "இலவசமாகத்தான்" ஓடுகிறது, என்ன செய்ய! கணினி வாங்கும்போதே கடைக்காரர் போட்டுக்கொடுத்துவிடுகிறார். லைசென்ஸ் என்று ஒன்று உண்டா என்று முதலாளி கேட்டதே இல்லை. அவரிடம் போய் "இது காசில்லாமல் கிடைக்கும்" என்றால், "அதுவும் அப்படித்தானே கிடைத்தது" என்பார்.

திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்துவது 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பேச்சை இதில் ஆரம்பிக்காதீர்கள். மிரட்டுகிறான் என்று தோன்றிவிட்டால் அடுத்த தடவை உள்ளே விட மாட்டார்கள். வங்கிக் கடனுக்கோ வெளிநாட்டு வாங்குபவரின் ஆய்வுக்கோ தயாராகும் நிறுவனமாக இருந்தால் அவர்களே இந்தப் பேச்சை எடுப்பார்கள், அப்போது சொல்லலாம்.

"கெட்டுப்போனால் யார் வருவார்?" என்று கேட்கிறார்களே?

இதுதான் கேள்வி, மற்றதெல்லாம் சுற்றுவேலை. பெரிய நிறுவனத்தைத் தடுப்பது விலையும் இல்லை, தொழில்நுட்பமும் இல்லை. ஆடித் தள்ளுபடி அன்று காலை பத்து மணிக்கு பில்லிங் கவுண்டர் நின்றுபோனால் யாரைத் திட்டுவது என்பதுதான் அவர்கள் கவலை. விண்டோஸ் போட்டால் மைக்ரோசாஃப்ட் வந்து நிற்கப்போவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் "எல்லோரும் போடுவதைத்தான் நானும் போட்டேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம். லினக்ஸ் போட்ட மேலாளருக்கு அந்தத் தப்பிக்கும் வழி கிடையாது. அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைக்காதீர்கள், அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான்.

எனவே நீங்கள் கொண்டுபோக வேண்டியது ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும். அதற்கு மூன்று வழி உண்டு. ரெட் ஹேட், சுசே, உபுண்டுவின் கனோனிக்கல் ஆகிய லினக்ஸ் நிறுவனங்கள் காசு வாங்கிக்கொண்டு எழுத்துபூர்வமாக ஆதரவு தருகின்றன. சர்வருக்கு இது நல்லது. நிறுவனத்துக்குள்ளேயே இரண்டு பேரைத் தயார் செய்வது இரண்டாவது. இரண்டு என்று சொல்வதற்குக் காரணம், ஒருவர் மட்டும் இருந்தால் அவர் துபாய்க்குப் போன அன்று திட்டமும் சேர்ந்து விமானம் ஏறிவிடும். நம்மூரில் இது நடக்காத நிறுவனம் இல்லை.

மூன்றாவது வழியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. எல்லா நிறுவனத்துக்கும் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்திருக்கும் ஒரு கணினிக்கடைக்காரர் இருப்பார். ஃபார்மேட் அடிப்பது, ஆன்டிவைரஸ் புதுப்பிப்பது, பிரிண்டர் பார்ப்பது எல்லாம் அவர்தான். உங்கள் திட்டத்தால் அவர் பிழைப்பில் மண் விழும் என்று தோன்றினால் முதல் வாரமே முடித்துவிடுவார். டோனர் தீர்ந்துபோனால்கூட "லினக்ஸ் போட்டதாலதான் சார்" என்று ஒரு வார்த்தை போதும். முதலாளியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவரைப் பார்த்து டீ வாங்கிக்கொடுத்து உட்கார்ந்து பேசுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் அவரிடமே இருக்கட்டும், பயிற்சி நாங்கள் தருகிறோம், தொகையைக் குறைக்கச் சொல்ல மாட்டோம் என்று உறுதி கொடுங்கள். அவர் நம் பக்கம் வந்தால் பாதி வேலை முடிந்தது.

கூடவே ஒரு உபாயம். எல்லாக் கவுண்டர் கணினிகளிலும் ஒரே இமேஜை (இயங்குதளமும் மென்பொருளும் அமைப்புகளும் சேர்ந்த முழு நகல்) போட்டு, அதே இமேஜ் போட்ட உபரிக் கணினி ஒன்றை அலமாரியில் வைத்துவிடுங்கள். குளோன்ஸில்லா மாதிரி இலவசக் கருவியே இதற்குப் போதும். எது கெட்டாலும் கழற்றி மாட்டினால் கவுண்டர் ஓடும், பழுதை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம். "யார் வருவார்" என்ற கேள்விக்கு இந்த அலமாரியைத் திறந்து காட்டுவதுபோல் பதில் வேறு இல்லை.

அவர்கள் ஏற்கெனவே லினக்ஸ் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லலாமா?

சொல்லலாம். ஆண்ட்ராய்டு போனின் அடியில் லினக்ஸ் கருதான். வைஃபை ரவுட்டரிலும் கேமரா பதிவுப் பெட்டியிலும் பெரும்பாலும் அதுதான். உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் எல்லாமே 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. கேட்பவர் தலையாட்டுவார், ஆனால் இதற்காக யாரும் மாறியதில்லை.

எந்தப் பகுதியிலிருந்து தொடங்குவது?

பிரௌசரைத் தவிர வேறெதுவும் திறக்காத மேசையிலிருந்து. மருத்துவமனை வரவேற்பை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் காலை முதல் மாலை வரை செய்வது என்ன? பிரௌசரில் மருத்துவமனை மென்பொருளைத் திறந்து பெயர், வயது, ஊர் போட்டு ஓ.பி. சீட்டு அடிக்கிறார். சீட்டு வருவது சின்ன தெர்மல் பிரிண்டரில். பழைய நோயாளி என்றால் அட்டையிலுள்ள பார்கோடைக் காட்டுகிறார். ஸ்கேனர் விசைப்பலகை மாதிரி எண்ணைத் தட்டிவிடும், அதற்கு டிரைவரே வேண்டாம். நடுநடுவே வாட்ஸ்அப் வெப்பில் வந்த ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுக்கிறார். இவ்வளவுதான். இதில் விண்டோஸுக்கு என்று தனியாக ஒரு வேலையும் இல்லை. திரையில் அதே ஐகானை அதே இடத்தில் வைத்துக்கொடுத்தால் அவர் மதியத்துக்குள் பழகிவிடுவார்.

முந்திரி ஆலையின் எடை அறை கொஞ்சம் வேறு. எடை இயந்திரத்திலிருந்து சீரியல் கம்பி வந்து கணினியில் சேரும். லினக்ஸில் இதைப் படிப்பது எளிது, ஆனால் உபுண்டுவிலும் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையிலும் அந்தப் பயனர் கணக்கை "டயல்அவுட்" என்ற குழுவில் சேர்த்தால்தான் எடை திரைக்கு வரும். சேர்க்காமல் விட்டுவிட்டு, லாரி வரிசையில் நிற்கும்போது இயந்திரத்தை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இந்த மாதிரிச் சில்லறை விஷயங்களை முதலிலேயே ஒரு காகிதத்தில் எழுதி ஏ.எம்.சி. ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

கணக்குப் பிரிவை முதலில் தொடாதீர்கள். பலரும் யோசிக்காமல் செய்யும் தவறு அது. கணக்குப் பிரிவுதான் முதலாளிக்குப் பக்கத்து அறையில் இருக்கும், அங்கே எது இடறினாலும் உடனே அவர் காதுக்குப் போய்விடும்.

டாலி ஓடுமா?

நேரடியாக ஓடாது, அந்தக் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற கருவி மூலம் ஓட்டலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்டு முடிவுக் கணக்கை அந்த நம்பிக்கையில் ஒப்படைக்க நான் சொல்ல மாட்டேன். நடைமுறையில் இரண்டு வழிதான். டாலி உள்ள கணினிகளை அப்படியே விண்டோஸில் விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றுவது ஒன்று. ஒரு விண்டோஸ் சர்வரில் டாலியைப் போட்டு, லினக்ஸ் மேசைகளிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் (சர்வரின் திரையை நம் மேசையில் காட்டும் வசதி) இணைவது இன்னொன்று. இரண்டாவதில் சர்வர் லைசென்ஸும் ஒவ்வொரு பயனருக்கான இணைப்பு லைசென்ஸும் செலவுக் கணக்கில் சேரவேண்டும். அதைச் சொல்லாமல் மறைத்தால் ஆடிட்டர் கண்டுபிடிப்பார், அதோடு உங்கள் பேச்சு எடுபடாது.

பிரௌசரிலேயே ஓடும் கணக்கு மென்பொருளுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இயங்குதளம் ஒரு பொருட்டே இல்லை. மும்பையில் பிறந்த ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் முழுக்கத் திறந்த மூல மென்பொருள். பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா அதைப் பயன்படுத்துகிறது. ஜோஹோ புக்ஸ் திறந்த மூலம் கிடையாது, ஆனாலும் லினக்ஸ் மேசையில் தடையில்லாமல் ஓடும். ஆனால் இயங்குதளத்தையும் கணக்கு மென்பொருளையும் ஒரே ஆண்டில் மாற்றச் சொல்லாதீர்கள். எது இடறினாலும் பழி லினக்ஸ் மேல்தான் விழும்.

வேறு எதெல்லாம் இடறும்?

மேக்ரோ (எக்செல்லுக்குள் எழுதிவைத்த சின்ன நிரல்கள்) நிறைந்த எக்செல் கோப்புகள் முதலாவது. இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸ் சாதாரண எக்செல் கோப்பை நன்றாகவே திறக்கும், ஆனால் பத்து வருடமாக ஒரு கணக்காளர் ஒட்டுப்போட்டு வளர்த்த சம்பளப் பட்டியலைத் திறந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சோதித்துப் பாருங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று அந்த மாடலை வைத்தே பாருங்கள். ஆதார் கைரேகைக் கருவி உள்ள மேசைகளை விண்டோஸிலேயே விட்டுவிடலாம்.

பிரிண்டரில் ஒரு விசித்திரம் உண்டு. சத்தம் போடும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பேசாமல் வேலை செய்யும், பளபளப்பான சின்ன லேசர் சண்டித்தனம் பண்ணும். விலை குறைந்த சில லேசர் பிரிண்டர்கள் பக்கத்தை வரையும் வேலையைக் கணினியின் டிரைவரிடமே விட்டுவிடுகின்றன. அந்த டிரைவர் லினக்ஸுக்கு இல்லையென்றால் அது வெறும் பெட்டிதான். எத்தனை பிரிண்டர், என்ன மாடல் என்ற பட்டியல் கைக்கு வரும்வரை யாரிடமும் தேதி சொல்லாதீர்கள்.

தமிழ் தட்டச்சு?

தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப்பொறி அமைப்பு மூன்றும் லினக்ஸின் தட்டச்சுக் கருவியான ஐபஸில் கிடைக்கும். யூனிகோடு தமிழ் அழகாகவே தெரியும். பிரச்சினை பழைய கோப்புகள். பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்து வைத்த கடிதங்கள் ஒரு பீரோ நிறைய இருக்கும், அவற்றை யூனிகோடுக்கு மாற்ற மாற்றிகள் இருக்கின்றன, ஆனால் மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து படித்துத் திருத்த வேண்டும். இது எப்படியும் ஒருநாள் செய்ய வேண்டிய வேலை. கல்யாணக் கார்டும் நோட்டீசும் வடிவமைக்கும் அச்சகமாக இருந்தால் வடிவமைப்பு மேசையைத் தொடவே வேண்டாம், கோரல்டிராவில் கை பழகியவரிடம் போய் எதற்கு வம்பு.

வேறு எங்காவது பெரிய அளவில் நடந்திருக்கிறதா? மியூனிக் திரும்பிப் போய்விட்டதே?

மியூனிக்கைக் கட்டாயம் யாராவது எடுப்பார்கள், தயாராக இருங்கள். அந்த ஜெர்மன் நகராட்சி 2003இல் முடிவெடுத்து, 2013க்குள் சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப நகர மன்றம் வாக்களித்தது. பல துறைகளின் ஐ.டி. பிரிவுகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததும், வெளியிலிருந்து வரும் கோப்புகளோடு பட்ட பாடும், நகராட்சித் தலைமை மாறியதும் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன.

பிரெஞ்சு ஜெண்டார்மரி என்ற காவல் படையின் கதை அதைவிட நமக்குப் பயன்படும். அவர்கள் 2005இல் ஓப்பன் ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளுக்குப் போனார்கள், அடுத்து ஃபயர்பாக்ஸ் பிரௌசர், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட். விண்டோஸ் அதுவரை அப்படியே இருந்தது. எல்லோருக்கும் புது மென்பொருள் கைவந்தபிறகு 2008இல் அடியில் இருந்த இயங்குதளத்தை உபுண்டுவாக மாற்றத் தொடங்கினார்கள். திரையில் தினமும் பார்ப்பது அதே ஃபயர்பாக்ஸ் என்பதால் பெரிய கூச்சல் எழவில்லை. இன்று 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அதில் ஓடுகின்றன. நம் ஜவுளிக்கடைக்கும் இந்த வரிசையைத்தான் சொல்வேன்: இந்த ஆண்டு லிப்ரே ஆபிஸும் ஃபயர்பாக்ஸும் விண்டோஸ் மேலேயே ஓடட்டும், இயங்குதளம் அடுத்த ஆண்டு.

பக்கத்திலேயே காட்ட வேண்டுமென்றால் களியக்காவிளையைத் தாண்டினால் போதும். கேரள அரசுப் பள்ளிகள் ஆண்டாண்டாக லினக்ஸில்தான் கணினி கற்றுத்தருகின்றன, பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வும் அதில்தான். அவர்கள் மின்வாரியத்தின் பில்லிங் மென்பொருளும் திறந்த மூலக் கருவிகளால் கட்டப்பட்டது. தமிழ்நாட்டிலும் மாநில அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் சுசே லினக்ஸுக்கு மாறியது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு இந்தியாவிலேயே உருவான பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்த மடிக்கணினியை வாங்கிய பிள்ளைகள் இன்று இந்த நிறுவனங்களில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாஸைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டுவிடாதீர்கள், அது வேறு சோகம்.

வைரஸ் வராது என்று சொல்லலாமா?

"வராது" என்று சொல்லக்கூடாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகளைப் பூட்டியபோது லினக்ஸ் மேசைகள் தப்பின, உண்மை. ஆனால் 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளில் யாரோ திட்டமிட்டுப் புகுத்திய பின்கதவு, ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால்தான் வெளியே வந்தது. நிரல் திறந்திருந்ததால் அவரால் தோண்ட முடிந்தது. அதே திறப்பின் வழியாகத்தான் புகுத்தியவரும் நுழைந்தார். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேக்கப் எடுக்காத நிறுவனத்தை எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

எந்த லினக்ஸ்?

மேசைக்கு உபுண்டுவின் எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவு) பதிப்பு அல்லது டெபியன். அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை, ஏ.எம்.சி. ஆளுக்குப் பழக்கமானது எதுவோ அது. எல்.டி.எஸ். பதிப்புக்கு 5 ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசம். சர்வருக்குத் தேர்ந்தெடுக்கும்போது சென்ட்ஓஎஸ் என்ற இலவச லினக்ஸின் கதையை நினைவில் வையுங்கள்: 2029 வரை வரும் என்று நம்பிப் போட்ட 8ஆம் பதிப்பு, 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பால் 2021 கடைசியிலேயே முடிந்துபோனது. ராக்கி, அல்மா என்ற மாற்றுகள் உடனே வந்ததால் பிழைத்தார்கள். அந்த அறிவிப்பு வந்த அன்று பல சர்வர் நிர்வாகிகள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

செலவுக் கணக்கை எப்படிக் காட்டுவது?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் வேண்டும். 2017க்கு முன் வாங்கிய கணினிகள் அத்தனையும் அந்தக் கோட்டுக்கு வெளியே. முதலாளி முன்னால் மூன்று வழி இருக்கிறது: எல்லாவற்றையும் புதிதாக வாங்குவது, கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பணம் கட்டுவது, அதே கணினியில் லினக்ஸ் போடுவது. கூடுதல் திருத்தங்களுக்கு நிறுவனங்களுக்கான அறிவிக்கப்பட்ட விலை, ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பு, மூன்று ஆண்டுதான் கிடைக்கும். கூட்டினால் 427 டாலர். 200 கணினிக்கு 85,400 டாலர். அந்தப் பணத்துக்குப் புதுக் கணினியே வாங்கலாமே என்று அவரே சொல்வார், சொல்லட்டும். பேச்சு அங்கிருந்துதான் சூடு பிடிக்கும்.

லினக்ஸ் பக்கத்துச் செலவையும் எழுதுங்கள்: பயிற்சி, சோதனைக்குப் போகும் ஆள் நேரம், மாற்ற வேண்டிய பிரிண்டர்கள், ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ், இரண்டு ஆட்களின் சம்பளத்தில் கொஞ்சம் உயர்வு. பூஜ்ஜியம் என்று எழுதிக் கொடுத்த தாளை எந்த வியாபாரியும் நம்ப மாட்டார்.

ஆள் கிடைக்குமா?

கிடைப்பார்கள். திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு தினமும் ரயிலேறிப் போய்வரும் நம்மூர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் லினக்ஸ் சர்வரைத் தொடாதவர் குறைவு. கோணம் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். சம்பளம் டெக்னோபார்க் அளவுக்கு வராது, ஆனால் வீட்டுச் சாப்பாடு, அதிகாலை ரயிலைப் பிடிக்க ஓட வேண்டாம் என்பதற்கும் ஒரு விலை உண்டு. இருநூறு கணினியை இரண்டு பேர் பார்ப்பது முடியாததில்லை. பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆன்சிபிள் கருவியைக் கற்றுக்கொண்டால் எல்லா மேசைக்கும் ஒரே கட்டளையில் திருத்தங்களை அனுப்பிவிடலாம்.

ஊழியர்கள் முரண்டு பிடித்தால்?

புதுசு என்பதால் முரண்டு பிடிப்பவர்கள் கொஞ்சநாளில் சரியாகிவிடுவார்கள். வேலை நிஜமாகவே மெதுவாகிறது என்பவர் சொல்வதைக் கேளுங்கள். பில்லிங்கில் இருக்கும் மூத்த அக்கா மவுஸைத் தொடவே மாட்டார், எல்லாம் ஃபங்ஷன் விசைகளில்தான். லினக்ஸ் மேசைச் சூழல் அதில் ஒரு விசையைத் தனக்கென்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பில்லுக்கும் அவருக்கு இரண்டு விநாடி போகும். அந்த விசையை விடுவித்துக் கொடுங்கள். மற்ற கவுண்டர்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

எல்லாம் சொல்லியும் வேண்டாம் என்றால்?

வற்புறுத்தாதீர்கள். ஒரே ஒரு சின்ன உதவி கேளுங்கள்: இனி போடும் கொள்முதல் ஆர்டர்களில், வாங்கும் பிரிண்டரும் ஸ்கேனரும் பயோமெட்ரிக் கருவியும் லினக்ஸிலும் ஓட வேண்டும், புது மென்பொருள் பிரௌசரில் ஓட வேண்டும் என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இதற்குச் செலவு கிடையாது, யாரும் மறுக்க மாட்டார்கள். ஏ.எம்.சி. புதுப்பிக்கும் மாதம் எது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அடுத்த ஆண்டு அதற்கு இரண்டு மாதம் முன்னால் போய்ப் பாருங்கள்.